பொன்னூசியும் எழுதுகோலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தோற்றுவாய்

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் இடையறாது கூடிவருதல் எளிய செயலன்று. கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும். இடத்தைத் திறந்துவிட ஒருவர் வேண்டும். மழை பெய்யும் மாலையிலும் வந்து அமர நால்வரேனும் வேண்டும். இவை வாய்த்துவிட்டால் கவிதை தானே வந்து சேர்ந்துவிடும். ஆயினும், கூடுவதே குற்றம் என்று ஆன நாட்டில் ஒரு வட்டம் எவ்வாறு கூடும்? கூடுவோர் அனைவரும் பெண்களாகவும், அவர்களுக்குக் கல்வியே மறுக்கப்பட்டதாகவும் இருந்தால் அவ்வட்டத்தின் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கும்?

ஆப்கானிஸ்தானின் மேற்கெல்லையை அடுத்த ஹெராத் நகரில், 1996 முதல் 2001 வரை அத்தகைய வட்டம் ஒன்று இயங்கியது. அதன் பெயர்ப்பலகை ‘பொன்னூசித் தையற்பள்ளி’ என்றது. உள்ளே நடந்தது இலக்கிய வகுப்பு.

போர் நிலத்துப் பெண்கல்விக்கு வழங்கப்படும் அறக்கொடையே இவ்வுரையின் பொருள். அப்பொருளை ஆராய வேண்டிய களங்கள் உலகில் பலவுண்டு. இலக்கிய வட்டம் ஒன்றின் விழா அவைக்கு மிகவும் அணுக்கமானது ஹெராத் என்பதால் அந்நாட்டு வரலாறே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. பெண்கல்விக்குக் கொடுத்தவர் யாவர், எவ்வாறு கொடுத்தனர், கொடுத்தது எதனைக் காத்தது, எதனைக் காக்கத் தவறியது என்னும் வினாக்கள் இவ்வுரையை நடத்திச் செல்கின்றன.

கவிதையின் நகர்

ஹெராத்தைப் பற்றி ஒரு வேடிக்கைப் பேச்சு வழங்கிவருகிறது. அந்நகரில் ஒருவர் காலை நீட்டினால் அது ஒரு கவிஞர்மீது படாமல் இராதாம். 15ஆம் நூற்றாண்டில் தைமூரிய மரபினரின் ஆட்சியில் அந்நகர் பாரசீக இலக்கியத்தின் தலைநகராக விளங்கியது. ஜாமி என்னும் பெருங்கவிஞர் அங்கு வாழ்ந்து 1492இல் மறைந்தார். பிஹ்ஸாத் என்னும் ஓவியர் அங்கு தீட்டினார். ஷாருக் மன்னரின் அரசி கௌஹர் ஷாத் அந்நகரில் பள்ளிவாசலும் கல்விக்கூடமும் எழுப்பினார். கல்விக்குக் கொடை வழங்கிய பெண் ஒருவரின் நினைவு, இடிந்தும் இடியாமலும் நிற்கும் கோபுரங்களாக அந்நகரில் இன்றும் உள்ளது.

பாரசீக மொழியின் முதற்பெண் கவிஞராகப் போற்றப்படும் ராபியா, 10ஆம் நூற்றாண்டில் இன்றைய ஆப்கானிஸ்தானின் வடபகுதியான பல்கில் வாழ்ந்தவர். பஷ்தூன் மக்களிடையே வழங்கும் மலாலையின் கதையும் கவிதையோடு தொடர்புடையது. 1880இல் மைவாந்துப் போர்க்களத்தில் ஈரடிப் பாட்டொன்றைப் பாடித் தளர்ந்த வீரரைத் திரும்பச் செய்தவள் அவள் என்பது மரபு. அவளது பெயரையே பின்னாளில் ஸ்வாத் பள்ளத்தாக்கில் ஒரு தந்தை தம் மகளுக்கு இட்டார். அம்மகள் மலாலா, பள்ளி சென்ற குற்றத்துக்காக 2012 அக்டோபர் 9 அன்று சுடப்பட்டார். உயிர் பிழைத்து, 2014இல் தம் 17ஆம் வயதில் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆகவே, பெண்ணின் மொழி அந்நிலத்துக்குப் புதிதன்று. பெண்கல்வி மேலை நாட்டார் கொண்டுவந்து இறக்கிய சரக்கு என்னும் கூற்றும் வரலாற்றோடு பொருந்தாது. 1921இல் அமானுல்லா மன்னரும் அரசி சொராயாவும் காபூலில் பெண்களுக்கென முதற்பள்ளியைத் திறந்தனர். 1928இல் மாணவியர் சிலர் மேற்கல்விக்காகத் துருக்கிக்கு அனுப்பப்பட்டனர். 1929இல் அமானுல்லா அரியணை இழந்தபோது பள்ளிகள் மூடப்பட்டன; அம்மாணவியரும் திருப்பி அழைக்கப்பட்டனர். பிறகு மீண்டும் திறக்கப்பட்டன. திறப்பதும் மூடுவதும் மீண்டும் திறப்பதுமாக ஒரு நூற்றாண்டு கழிந்திருக்கிறது. ஒவ்வொரு முறை மூடியபோதும் கதவின் உட்புறத்தில் எவரோ ஒருவர் விளக்கேற்றி வைத்திருந்தனர் என்பதே இவ்வரலாற்றின் ஆறுதல்.

பொன்னூசி

1978இன் ஆட்சிக் கவிழ்ப்பு, 1979இன் சோவியத் படையெடுப்பு, 1992க்குப் பிந்தைய உள்நாட்டுப் போர் ஆகியவற்றைக் கடந்து, 1995 செப்டம்பரில் ஹெராத் தாலிபான் வசமாயிற்று. 1996 செப்டம்பரில் காபூலும் வீழ்ந்தது. பெண்கள் பள்ளி செல்வதும் வெளியே பணிசெய்வதும் தடைசெய்யப்பட்டன. காபூலின் ஆசிரியர்களில் பெரும்பான்மையினர் பெண்களாக இருந்தமையால், இத்தடை ஆண்பிள்ளைகளின் வகுப்புகளையும் வெறுமையாக்கியது. மகளுக்குச் சாத்திய கதவு மகனுக்கும் சாத்தப்பட்டதாயிற்று.

பெண்களுக்கு விட்டுவைக்கப்பட்ட சிலவற்றுள் தையல் ஒன்று. அந்த ஊசிமுனை அளவு இடத்திலேதான் ஹெராத்தின் எழுத்தாளர்கள் தம் வட்டத்தை அமைத்துக்கொண்டனர். ஹெராத் பல்கலைக்கழகத்தின் இலக்கியப் பேராசிரியர் முகம்மது அலி ரஹ்யாப் தம் இல்லத்தை வகுப்பாக்கினார். வாரத்தில் மூன்று நாள் பெண்கள் வந்தனர். அவர்கள் கையில் பை. பைக்குள் மேலே துணியும் கத்தரிக்கோலும். அவற்றின் அடியில் ஏடும் எழுதுகோலும். வாயிலில் சிறுவர் விளையாடிக்கொண்டிருப்பர். அறநெறிக் காவலர் தெருமுனையில் தென்பட்டால் அச்சிறுவர் உள்ளே ஓடிவந்து குறிப்புக் காட்டுவர். உடனே ஏடுகள் மறையும், துணிகள் மடியேறும். ஆபத்து நீங்கியதும் விட்ட இடத்திலிருந்து பாடம் தொடரும்.

இக்காட்சியின் வியப்பில் ஆழ்ந்து அதன் பொருளை மறந்துவிடல் ஆகாது. இங்கு கொடைப்பொருள் யாது? பணமன்று. ஒரு பேராசிரியர் தம் வீட்டைக் கொடுத்தார். தம் மனைவி மக்களின் பாதுகாப்பைப் பணயமாகக் கொடுத்தார். தெருவில் விளையாடிய சிறுவர் தம் கண்களைக் கொடுத்தனர். வந்த பெண்கள் தம் உயிரச்சத்தையே கட்டணமாகச் செலுத்தினர். அறக்கொடை என்னும் சொல்லைக் கேட்டவுடன் கடல் கடந்து வரும் காசோலையே நினைவுக்கு வருகிறது. ஆனால் போர் நிலத்துப் பெண்கல்வியின் முதற்கொடையாளர் எப்பொழுதும் அந்தந்தத் தெருவினரே.

வீட்டுப் பள்ளிகள்

ஹெராத்தில் பிறந்த இன்னொரு பெண்மணியின் பணி இதனை மேலும் தெளிவாக்கும். சகீனா யாகூபி அமெரிக்காவில் பயின்று அங்கேயே பணியாற்றியவர். 1990களின் தொடக்கத்தில் பாகிஸ்தானில் இருந்த ஆப்கானிய அகதி முகாம்களுக்கு வந்து சேர்ந்தார். 1995இல் ஆப்கன் கல்வி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். தாலிபான் ஆட்சிக் காலத்தில் அந்நிறுவனம் ஆப்கானிஸ்தானுக்குள் 80 மறைமுக வீட்டுப் பள்ளிகளுக்குத் துணைநின்றது. ஏறத்தாழ 3,000 சிறுமியர் அவற்றில் பயின்றனர். 2013இல் ஓபஸ் பரிசும் 2015இல் கல்விக்கான வைஸ் பரிசும் அவரை நாடி வந்தன.

பரிசுகளைக் காட்டிலும் அவர் பின்பற்றிய முறை கருதத்தக்கது. நிறுவனம் தானாகச் சென்று பள்ளி அமைக்கவில்லை. ஊர் முதலில் கேட்க வேண்டும். ஊரே இடம் தர வேண்டும். அதன்பின் நிறுவனம் ஆசிரியர்க்குப் பயிற்சியும் நூல்களும் பிற துணைப்பொருள்களும் வழங்கும். ஊரார் கேட்டுப் பெற்ற பள்ளியை ஊராரே காப்பர். எவரோ கொண்டுவந்து நிறுத்திய பள்ளி எரியும்போது ஊர் வேடிக்கை பார்க்கக்கூடும். கொடுப்பவர் தம் பெயரைப் பின்னே நிறுத்திக்கொண்டதனால்தான் அப்பள்ளிகள் நிலைத்தன.

அவ்வகைப் பள்ளிகளுக்குச் செல்லும் சிறுமியர் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஒரே வழியில் போவதுமில்லை. காபூலில் அவ்வாறு பயின்றவர்களுள் ஒருவர் ஷபானா பாசிஜ் ராசிக். சிறுவயதில் ஆண்பிள்ளை வேடம் பூண்டு, தமக்கையாருக்குத் துணையாக மறைவுப் பள்ளிக்கு நடந்தவர். கடைக்குச் செல்லும் பையில் புத்தகம் இருக்கும். அச்சிறுமி வளர்ந்து பெண்களுக்கென உறைவிடப் பள்ளி ஒன்றை நிறுவினார். அப்பள்ளியின் கதை பின்னர் வரும்.

ஈகையா, ஒப்புரவா?

இவ்விடத்தில் தமிழ் மரபு தரும் ஒரு வேறுபாட்டை நினைவுகூர்தல் பொருந்தும். திருவள்ளுவர் அறத்துப்பாலில் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். இரண்டும் கொடையே, எனினும் இரண்டும் ஒன்றல்ல. ஈகை, வறியவர்க்குக் கொடுப்பது. அங்கே கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என்னும் பிரிவு உண்டு. ஒப்புரவு, தாம் வாழும் உலகின் நடை அறிந்து ஆற்றும் கடப்பாடு. அங்கே கைம்மாறு கருதும் எண்ணம் இல்லை; மேல்கை கீழ்கை என்னும் நினைவும் இல்லை.

பசித்த சிறுமிக்குச் சோறு இடுவது ஈகை. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆனால் அவள் படிக்கும் அறைக்குக் கதவாக நிற்பது ஒப்புரவு. ஹெராத்துப் பேராசிரியர் தம் மாணவியரை வறியவர் என்று எண்ணவில்லை. தம் மொழியின் அடுத்த தலைமுறை என்று எண்ணினார். அவர்கள் பயிலாவிடில் குறைவது அவர்கள் மட்டுமல்லர். பாரசீகக் கவிதையே குறைவுபடும் என்று கருதினார். உலக நாடுகள் பெண்கல்விக்கென அளிக்கும் கொடைகள் பல ஈகையாகத் தொடங்கி ஈகையாகவே நின்றுவிடுகின்றன. செய்தி மறந்ததும் கொடை வற்றிவிடுவதற்கு அதுவே காரணம். ஒப்புரவுக்கு மட்டுமே மறதி இல்லை.

தொலைவு என்னும் தடை

2001க்குப் பின் கதவுகள் மீண்டும் திறந்தன. யுனெஸ்கோவின் கணக்கின்படி, 2001இல் ஏறத்தாழ எவருமே இல்லாதிருந்த தொடக்கப்பள்ளி மாணவியர் எண்ணிக்கை 2018இல் 25 இலட்சமாயிற்று. உயர்கல்வியில் 5,000 அளவில் இருந்த பெண்கள் 2021இல் 1 இலட்சத்தைக் கடந்தனர். இவ்வளர்ச்சியில் அயல்நாட்டு உதவிக்குப் பெரும்பங்கு உண்டு.

எனினும் எல்லாக் கொடையும் ஒரே பயனைத் தரவில்லை. கட்டடம் எழுப்பித் திறப்புவிழா நடத்துவது கொடையாளர்க்கு இனிது. கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். ஆனால் மலைநாட்டில் நான்கைந்து சிற்றூர்களுக்குப் பொதுவாக ஒரு பெரிய பள்ளி கட்டினால் நிகழ்வது யாது? மகன் நடந்து செல்வான். மகளை அவ்வளவு தொலைவு தனியே அனுப்பத் தாய்தந்தையர் அஞ்சுவர். மத்திய ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில் 31 சிற்றூர்களில் டானா பர்டி, லீ லிண்டன் என்னும் ஆய்வாளர் இருவர் 2007இல் தொடங்கி ஓர் ஆய்வு நடத்தினர். சில ஊர்களில் அவ்வவ்வூரிலேயே சிறுபள்ளி தொடங்கப்பட்டது. ஊரார் தந்த அறையே வகுப்பு. படித்த உள்ளூரார் ஒருவரே ஆசிரியர். பள்ளிச் சேர்க்கையில் ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் இடையே நிலவிய 21 விழுக்காட்டுப் புள்ளி இடைவெளி அவ்வூர்களில் மறைந்தது. தேர்வு மதிப்பெண்ணில் நிலவிய இடைவெளியும் பெரிதும் குறைந்தது.

இம்முடிவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமைக்கு மக்களின் பழமைப்பற்றே காரணம் என்று பலரும் எளிதில் முடிவுகட்டினர். பள்ளி வீட்டருகே வந்ததும் அதே மக்கள் மகள்களை அனுப்பினர். அவர்களைத் தடுத்தவற்றுள் மனத்தைவிட வழியே பெரிதாக இருந்தது. போர் நிலத்தில் ஒரு கல் தொலைவு என்பது வெறும் தொலைவன்று. கண்ணிவெடியும் ஆயுதம் தாங்கியவரும் ஊரின் பேச்சும் அதனுள் அடக்கம். ஆதலின் பெண்கல்விக்குக் கொடுக்க விழைவோர், மண்டபத்தைக் காட்டிலும் அருகிலுள்ள ஓர் அறையையும், அவ்வறைக்கு மாதந்தோறும் தவறாத ஆசிரியர் ஊதியத்தையும் கருதுதல் நன்று.

கணக்கும் காப்பும்

அறக்கொடையில் இரு கடமைகள் உள்ளன. ஒன்று, கணக்குக் காட்டுதல். மற்றொன்று, பெறுபவரைக் காத்தல். அமைதி நாட்டில் இவ்விரண்டும் ஒத்துச் செல்லும். போர் நிலத்தில் இவை ஒன்றோடொன்று மோதும்.

கணக்கில்லாக் கொடையின் கேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். அமெரிக்க மலையேறியான கிரெக் மார்டென்சன் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் பெண்களுக்குப் பள்ளிகள் கட்டுவதாகக் கூறித் தம் பட்டறிவை 2006இல் நூலாக வெளியிட்டார். நூல் உலகெங்கும் விற்றது. சிறுவர் தம் உண்டியல் காசையும் அவரது நிறுவனத்துக்கு அனுப்பினர். 2011இல் நூலின் உண்மையும் பணத்தின் செலவும் ஐயத்துக்கு உள்ளாயின. 2012இல் மொன்டானா மாநிலத் தலைமை வழக்கறிஞரின் விசாரணை முடிவில், அவர் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 10 இலட்சம் டாலரைத் திருப்பிச் செலுத்த உடன்பட்டார். அந்நிறுவனம் கட்டிய பள்ளிகளும் உண்மையே. ஆயினும் நல்ல கதை ஒன்று கணக்கேட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் விளைவது யாது என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்றாயிற்று. கதை எழுதுவோரும் கவிதை புனைவோரும் நிறைந்த அவைக்கு இது மேலும் உறைக்க வேண்டிய செய்தி.

மறுபுறம், கணக்கே கேடாகும் நேரமும் உண்டு. மேலே சுட்டிய ஷபானா பாசிஜ் ராசிக்கின் உறைவிடப் பள்ளி காபூலில் இயங்கிவந்தது. 2021 ஆகஸ்டில் நகர் மீண்டும் தாலிபான் வசமானபோது, அவர் தம் மாணவியரின் பதிவேடுகள் அனைத்தையும் தீயிட்டு எரித்தார். மாணவியரை அழிப்பதற்கன்று, அவர்களையும் அவர்தம் குடும்பத்தாரையும் காப்பதற்கே. 2002இலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. மறைவில் பயின்ற சிறுமியர் அப்பொழுது வெளிப்பட்டு வந்தபோது அவர்கள் எவ்வகுப்புக்கு உரியவர் என்று காட்டும் பதிவேடு கிடையாது. இடந்தேர்வு எழுதியே இடம்பெற வேண்டியிருந்தது. ஒரு தலைமுறைக்குப் பதிவேடு இன்மை துயர். அடுத்த தலைமுறைக்குப் பதிவேடு இருப்பதே துயர்.

ஆகவே, கொடையாளர் படம் கேட்பதும் பெயர் கேட்பதும் எப்பொழுதும் குற்றமற்ற செயலாகா. தாம் தந்த பணத்தால் பயிலும் சிறுமியின் முகத்தைக் காண விரும்பும் ஆசை இயல்பானதே. அம்முகம் அச்சேறினால் அவள் வீட்டு வாயிலில் யார் வந்து நிற்பர் என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். கணக்கை நிறுவனத்திடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். முகத்தைச் சிறுமியிடம் கேட்கலாகாது. செலவு வெளிச்சத்திலும் குழந்தை நிழலிலும் இருப்பதே போர் நிலத்து அறத்தின் முறை.

நாதியா அஞ்சுமன்

பொன்னூசி வட்டத்தின் மாணவியருள் ஒருவர் நாதியா அஞ்சுமன். 1980இல் ஹெராத்தில் பிறந்தவர். பள்ளி மூடப்பட்டபோது அவர் மாணவி. பேராசிரியர் ரஹ்யாப் அவரது ஆற்றலைக் கண்டு வளர்த்தார். 2001இல் தடை நீங்கியதும் ஹெராத் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் பயிலச் சேர்ந்தார். 2005இல் ‘குல்-ஏ-தூதி’ என்னும் அவரது கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. புகைநிறப் பூ என்பது அதன் பொருள். அது ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும் வாசகரைப் பெற்றது.

அதே 2005ஆம் ஆண்டு நவம்பரில், தம் 24ஆம் வயதில், கைக்குழந்தையை விட்டுவிட்டு நாதியா இறந்தார். அவர் கணவனால் அடிக்கப்பட்டிருந்தார். அடித்ததைக் கணவனே ஒப்புக்கொண்டார். இறப்புக்குத் தாம் காரணம் அல்லர் என்றும் கூறினார். அக்கணவரும் இலக்கியம் பயின்றவர், பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர்.

இந்நிகழ்ச்சி பெண்கல்வி பற்றிய இனிய உரைகள் பலவற்றை வாயடைக்கச் செய்கிறது. தெருவின் தடையை ஒரு வட்டம் வென்றது. காவலர் கண்ணிலிருந்து ஏட்டை மறைத்தது. ஆட்சி மாறியது, பல்கலைக்கழகம் திறந்தது, நூல் வெளிவந்தது. இத்தனைக்கும் பின் அவரை வீடு காக்கவில்லை. அவரைக் காக்கத் தவறியவர் எழுத்தறிவற்றவரும் அல்லர். பெண்ணுக்குக் கல்வி கொடுத்தால் மற்றவை தாமே வரும் என்னும் நம்பிக்கை அரை உண்மையே. அவளோடு வாழப்போகும் ஆணுக்கு எக்கல்வி கொடுக்கப்பட்டது என்பதும் கேட்கப்பட வேண்டிய வினா. அவள் எழுதிய கவிதையைத் தம் குடும்பப் பெருமைக்கு இழுக்கென்று கருதும் வீடு போர் நிலத்துக்கு மட்டும் உரியதன்று. இவ்வினா இவ்வவையின் வாயிலையும் தட்டுகிறது.

அவரது பெயரில் ஒரு குறிப்பு உண்டு. அஞ்சுமன் என்னும் பாரசீகச் சொல்லுக்கு அவை, சங்கம் என்று பொருள். தமிழகத்திலும் அச்சொல்லைத் தாங்கிய முஸ்லிம் சங்கங்கள் உள்ளமையால் அது தமிழ்ச் செவிக்கு அயலானதன்று. தம் பெயரிலேயே ஒரு வட்டத்தைச் சுமந்த கவிஞர் அவர்.

மீண்டும் மூடிய கதவு

2021 ஆகஸ்டில் தாலிபான் மீண்டும் ஆட்சிக்கு வந்தது. செப்டம்பரில் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உயர்நிலைப் பள்ளிகள் திறந்தன. 2022 மார்ச் 23 அன்று பெண்களுக்கும் திறக்கப்படும் என அறிவிக்கப்பட்டு, சீருடையணிந்து வந்த மாணவியர் சில மணி நேரத்தில் திருப்பி அனுப்பப்பட்டனர். 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் அடைபட்டது. அதே மாதம் தொண்டு நிறுவனங்களில் பெண்கள் பணியாற்றுவதும் தடைசெய்யப்பட்டமையால், பெண்களிடம் உதவியைக் கொண்டுசேர்க்கும் கைகளே கட்டப்பட்டன. 2024 டிசம்பரில் செவிலியர், மருத்துவச்சிப் பயிற்சியும் நிறுத்தப்பட்டது. பெண்ணுக்குப் பெண்ணே மருத்துவம் பார்க்க வேண்டும் எனக் கட்டளையிடும் ஆட்சி, அப்பெண் மருத்துவம் பயிலலாகாது எனவும் கட்டளையிட்டது. யுனிசெஃப் 2025 மார்ச்சில் வெளியிட்ட கணக்கின்படி கல்வி மறுக்கப்பட்ட சிறுமியர் 22 இலட்சம். 2025இல் கவியரங்குகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டுக் காதல் கவிதைக்கும் தலைமையைக் குறைகூறும் கவிதைக்கும் தடை விதிக்கப்பட்டது.

எனினும் கதவின் உட்புறத்து விளக்குகள் அணைந்தில. ஷபானா தம் மாணவியரோடு ருவாண்டா நாட்டுக்குப் பெயர்ந்து அங்கு பள்ளியைத் தொடர்ந்தார். 2021 மகளிர் நாளன்று காபூலில் தொடங்கிய பேகம் வானொலி, பள்ளிப் பாடங்களை ஒலிபரப்பியது. 2025 பிப்ரவரியில் அது நிறுத்தப்பட்டது. அம்மாதமே மீண்டும் ஒலிக்க இசைவு பெற்றது. வானொலியின் சிறப்பு அதற்குச் சுவர் இல்லாமையே. சமையலறைக்குள்ளும் அது பள்ளி வைக்கும்.

ஆண்கள் சிலரின் பங்கும் சுட்டத்தக்கது. மதியுல்லா வேசா என்பவர் 2009இல் ‘பென் பாத்’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். எழுதுகோலின் பாதை என்பது அதன் பொருள். மோட்டார் சைக்கிளில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு சிற்றூர்களுக்குச் சென்று, ஊர்ப் பெரியவர்களிடம் அமர்ந்து பெண்கல்விக்காகப் பேசுவது அவர் பணி. 2023 மார்ச்சில் கைதுசெய்யப்பட்டு ஏழு மாதச் சிறைக்குப் பின் அக்டோபரில் விடுதலையானார். தங்கைக்காகச் சிறை செல்லும் தமையன் உள்ள நாட்டில் நம்பிக்கை முற்றும் இறந்துவிடவில்லை.

வட்டங்களின் கடன்

தொலைவில் உள்ள தமிழ் இலக்கிய வட்டம் ஒன்று இதில் செய்யத்தக்கது யாது? இரங்கற்பா எழுதுவது எளிது. முகத்திரையையும் துப்பாக்கியையும் இரு படிமங்களாக நிறுத்தினால் ஒரு கவிதை ஆகிவிடும். ஆனால் அப்பெண்கள் படிமங்கள் அல்லர், கவிஞர்கள். அவர்களைப் பற்றி எழுதுவதற்கு முன் அவர்கள் எழுதியதைப் படிப்பதே முறை. ஹெராத்துப் பெண்கவிஞர் எண்மரின் கவிதைகள் 2015இல் ஆங்கிலத்தில் தொகுக்கப்பட்டு வெளிவந்துள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாரசீகம் பயிற்றும் துறையே உள்ளமையால், மூலமொழி அறிந்தோர் துணையுடன் அவற்றைத் தமிழாக்குதல் இயலாத செயலன்று. ஒரு கவிஞரைப் பிறமொழியில் வாழவைப்பதும் கல்விக்கொடையே. அக்கொடையை இலக்கிய வட்டமன்றி வேறெவர் வழங்குவர்?

பொருளுதவி செய்ய விழைவோர் மூன்றைக் கருதலாம். முதலாவது, அந்நிலத்து மக்களே நடத்தும் அமைப்பா என்று நோக்குதல். இரண்டாவது, ஒருமுறை பெருந்தொகை தருவதினும் ஆண்டுதோறும் தவறாது சிறுதொகை தருதல். ஆசிரியர் ஊதியம் திங்கள்தோறும் வேண்டப்படுவது. மூன்றாவது, நன்றிக் கடிதத்தையும் படத்தையும் எதிர்பாராமை.

முடிவுரை

திறந்த மண்டபத்தில், பெயர்ப்பலகையில் உண்மைப் பெயரையே எழுதி, பத்தாண்டுகளாக இவ்வட்டம் கூடிவந்திருக்கிறது. வாயிலில் காவலிருக்கச் சிறுவர் தேவைப்படவில்லை. அப்பேற்றினை உடையோர்க்கு அதற்கேற்ற கடனும் உண்டு. அடுத்த கூட்டத்தில் வரும் இளம்பெண் தன் முதற்கவிதையைப் படிக்கையில் அவை செவிகொடுத்துக் கேட்பதும், கூட்டம் முடிந்து அவள் அச்சமின்றி வீடு திரும்ப இயல்வதும், அவ்வீட்டில் அவள் ஏடு மதிக்கப்படுவதும் அக்கடனின் பகுதிகளே. ஹெராத்தின் பெண்கள் துணிக்கு அடியில் ஏட்டை வைத்துக் காத்தனர். மறைக்க வேண்டாத ஏடுகளை உடையோர் அவற்றில் என்ன எழுதுகின்றனர் என்பதே இனிவரும் பத்தாண்டுகளுக்கான வினா.